நிஜ முகவரியிலிருந்து வரும் மோசடி

மும்பைத் தமிழ் நேயர்களுக்கு வணக்கம்.

தாராவியில் தோல் பை செய்து வெளிநாட்டுக்கு விற்பவர்களில், பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் பணம் வாங்குபவர்கள் உண்டு. இன்று அவர்களிடம்தான் முக்கியமாகப் பேச வந்திருக்கிறேன்.

"உங்கள் கணக்கு முடக்கப்பட்டது, 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்கவும்" என்று பேபால் பெயரில் மெயில் வரும். லோகோ அச்சு அசல் அப்படியே இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், நம்பாதீர்கள். அனுப்பியவரின் முகவரியைப் பாருங்கள். பேபால் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் கடைசி எழுத்து எல். அந்த இடத்தில் 1 என்ற எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். செல்போனில் அவசரமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தட்டுப்படாது.

சரி, முகவரி சரியாகவே இருந்தால்? எனக்கு அதிகக் கவலை அங்கேதான். மோசடிக்காரர் தானே பேபாலில் ஒரு கணக்கு திறந்து, அதன் வழியாக உங்களுக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறார். மெயில் பேபாலின் நிஜ முகவரியிலிருந்தே வரும். குறிப்பு எழுதும் இடத்தில், "உங்கள் கணக்கில் 600 டாலர் எடுக்கப்பட்டது, நீங்கள் வாங்கவில்லை என்றால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று இருக்கும். அந்த எண் அவருடையது. அழைத்தால் மரியாதையாகப் பேசி, உங்கள் போனைத் தூரத்திலிருந்து இயக்கும் ஒரு செயலியைப் போடச் சொல்வார். அப்புறம் உங்கள் திரை அவர் கையில்.

இன்வாய்ஸ் என்பது பணம் கேட்டு வரும் சீட்டு மட்டுமே. நீங்கள் கட்டாமல் அதனால் ஒரு பைசாவும் போகாது. மெயிலை மூடிவிட்டு, செயலியை நீங்களே திறந்து கணக்கைப் பாருங்கள்.

இன்னொன்று. இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்தை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. உங்கள் பேபால் கணக்கிலிருந்து உள்ளூர்க் கடைக்குப் பணம் போனதாக மெயில் வந்தால், அது பொய்.

யுபிஐ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் பணம் எடுக்கத்தான் கேட்கிறார்கள்.

ஏமாந்துவிட்டால், வீட்டில் திட்டுவார்களே என்று தயங்காதீர்கள். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் நாலு கணக்கு தாண்டுவதற்குள் தடுக்க வழி உண்டு. வங்கிக்கும் கையோடு சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017-இல் வெளியிட்ட விதிப்படி, பாஸ்வேர்டை நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரையிலான நஷ்டம் நம்முடையது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு.