சருகைக் கூட்டி அள்ளாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பூங்கா திறப்பு விழாவில் மரக்கன்று நடுவதை எல்லாரும் பார்த்திருப்போம். சில வருடம் கழித்துப் போனால் கன்றைச் சுற்றிப் போட்ட கூண்டு மட்டும் நிற்கும். நடுவதற்குப் பணம் கிடைத்துவிடுகிறது. தண்ணீர் விடவும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யவும்தான் கிடைப்பதில்லை. புல்தரையும் அழகுச்செடியும் வருடா வருடம் செலவு கேட்கும். அதனால்தான் நகரத்துக்குள்ளேயே வேளாண் காடு வேண்டும் என்கிறேன். அதாவது, விளைச்சல் தருவதை அடுக்கடுக்காக வளர்ப்பது: உயர்ந்த மரம், அதன் ஓரத்தில் பழமரம், கீழே புதர், தரையில் படர்கொடி. விளைச்சல் இருந்தால் ஆள் வரும். ஆள் வந்தால் பராமரிப்பும் வரும்.

ஜெர்மனியில் ஆண்டர்நாக் என்ற சிறிய நகரம். 2010-ல் பழைய கோட்டைச் சுவரோரம் 101 வகைத் தக்காளி நட்டார்கள். பறிக்கக் கூடாது என்று அல்ல, பறிக்கலாம் என்று பலகை வைத்தார்கள்! நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர்களையும் பராமரிப்பில் சேர்த்தார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் பீக்கன் உணவுக் காடு இருக்கிறது. நிலம் நகராட்சியுடையது, உழைப்பு பெரும்பாலும் தன்னார்வலர்களுடையது.

சரி, இப்படிப்பட்ட காட்டின் மண்ணைக் காக்கும் சருகுக்கு வருகிறேன். இதை எங்கே போனாலும் சொல்வேன், சலித்துக்கொள்ளாதீர்கள். காலையில் பூங்காவில் என்ன நடக்கிறது? விழுந்த இலையையெல்லாம் கூட்டி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றுகிறார்கள். அப்புறம் உரம் வாங்கிப் போடுகிறார்கள்! கூட்டாமல் விட்ட ஒரு மரத்தடியில் கையால் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். மேலே மொறமொறவென்று இருக்கும். அடியில் ஈரம், வெள்ளை நூலாகப் பூஞ்சை, மண்புழு எச்சம். கூட்டிய இடத்திலோ மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் ஓடிவிடும். நடைபாதையைக் கூட்டுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? மரத்தடியை விட்டுவிடுங்கள். தண்டை மட்டும் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள், இல்லையென்றால் பட்டை அழுகும்.

நேரமாகிவிட்டது என்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மண்ணில் உள்ள நஞ்சைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். சுருக்கமாக: பழைய தொழிற்சாலை இடம், பெரிய சாலையோரம் என்றால் ஈயம் இருக்கக்கூடும், நடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்யுங்கள். ஈயம் இருந்தால் கீரையும் கிழங்கும் வேண்டாம். பழத்தில் அது மிகக் குறைவாகவே ஏறும். தூசி போகக் கழுவிச் சாப்பிடலாம். பாசனத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.