அக்காவின் கெண்டைக்காலும் லண்டன் பஸ் கண்டக்டரும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் வேலையெல்லாம் முடித்துவிட்டு இந்தப் பனியிலும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். நல்ல உடம்பும் நல்ல மனசும் அமைவது தனிமனித ஒழுக்கத்தாலா, வாழும் சூழலாலா என்பது தலைப்பு. சூழலால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு பட்டியல் போட்டார். விடியற்காலையில் எழுந்திரு, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நட, உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமைத் தாண்டாதே, நேரத்துக்குத் தூங்கு, கவலையை விடு. இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. 150 நிமிடமும் 5 கிராமும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குதான். ஆனால் பட்டியலை முடித்த கையோடு, இதைச் செய்யாதவனுக்கு நோய் வந்தால் அது அவனே தேடிக்கொண்டது என்று ஒரு வரி சேர்த்தார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு என் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

அக்கா பன்னிரண்டு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தார். காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும், அதற்கப்புறம் பிரித்துப்போட்ட சேலையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அத்தனை நேரமும் நின்றபடிதான். ஒரு ஸ்டூல் கிடையாது, அலமாரியில் லேசாகச் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் சத்தம் போடுவார். வேலை பார்ப்பவர்களுக்கான கழிப்பறை மேல் மாடியில், லிப்டில் ஏறக்கூடாது, போய்வரும் நேரத்தில் வாடிக்கையாளர் வந்துவிட்டால் திட்டு. அதனால் அக்கா தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். காலையில் அரை டம்ளர், மத்தியானம் சோற்றோடு இரண்டு வாய், அவ்வளவுதான். ஒரே வருடத்தில் இரண்டு தடவை நீர்க்கடுப்பு, காய்ச்சல். ராத்திரி வந்ததும் காலைச் சுவரில் தூக்கிவைத்துப் படுத்துக்கொள்வார், கெண்டைக்காலில் நரம்பு பச்சைப் பச்சையாய், சிக்கலான நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். வலி தாங்காத நாளில் நான்தான் பிடித்துவிடுவேன்.

டாக்டரிடம் போனோம். அவர் நல்லவர், அன்பாகத்தான் கேட்டார், "கொஞ்சம் நடக்கக் கூடாதாம்மா?" என்று. நாள் முழுக்க நிற்கிறவருக்கு நடை எதற்கு என்று நானும் அன்றைக்கு நினைத்தேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி, காலில் இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது, அது ஒரு பம்பு மாதிரி. அசையாமல் நின்றால் பம்பு ஓடாது, ரத்தம் கீழேயே தேங்கும், ரத்தக்குழாய்க்குள் இருக்கும் வால்வு நாளாக ஆகத் தளர்ந்துபோகும். ஆக, நிற்பது உழைப்புதான், ஆனால் உடற்பயிற்சி ஆகாது.

இந்த அக்காவிடம் என்ன ஒழுக்கம் குறைந்தது? வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தார். பலகாரத்துக்கு ஆசைப்பட்டதில்லை. படுத்த உடனே தூங்கிவிடுவார், அவ்வளவு அசதி. எதிரணி போட்ட பட்டியலில் பாதிக்கு மேல் அவர் செய்துகொண்டுதான் இருந்தார். அவருக்கு இல்லாமல் போனது ஒரு ஸ்டூல், பக்கத்தில் ஒரு கழிப்பறை, சாயங்காலத்தில் ஒரு மணி நேரம். கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று கேரளா 2018இல் சட்டத்தைத் திருத்தியது, தமிழ்நாடு 2021இல் திருத்தியது. ஒரு மனுஷி உட்காருவதற்கு, நடுவர் அவர்களே, சட்டசபையில் ஒரு மசோதா வர வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் எல்லாக் கடைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று அடுத்த தடவை சேலை எடுக்கப் போகும்போது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள்.

உடற்பயிற்சி இதயத்தைக் காக்கும் என்கிறோமே, அதை முதலில் அழுத்தமாகக் காட்டிய ஆய்வு லண்டன் பஸ்களில் நடந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர், 1953இல் வெளிவந்தது. இரட்டை மாடி பஸ், ஒரே கம்பெனி, டிரைவர் உட்கார்ந்தே ஓட்டுவார், கண்டக்டர் டிக்கெட் போட நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. டிரைவர்கள் முதலிலேயே பருமனானவர்களாக இருந்திருப்பார்களோ என்று யூனிஃபார்ம் பேண்ட்டின் இடுப்பளவைக்கூட எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பருமனை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் அப்படியே நின்றது. இப்போது நான் கேட்கிறேன், அந்தக் கண்டக்டர் விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து ஜாகிங் போனவரா? இல்லை. அவர் வேலை அவரை நடக்க வைத்தது, டிரைவரின் வேலை அவரை உட்கார வைத்தது. ஒழுக்கத்தில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னார். சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்ற 531 பேர், நடையாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் நோயைக் கணிசமாகத் தள்ளிப்போட முடிந்தது என்றார். ரொம்பச் சரி, நம் ஊர்க்காரர்களுக்கே அது பலித்தது என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் சகோதரி பாதியோடு நிறுத்திவிட்டார். வழக்கமான அறிவுரை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்களில் மூன்று வருடத்தில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. பலன் பார்த்த அணியில் 39 பேருக்கு வந்தது. அந்த அணிக்கு என்ன கிடைத்தது தெரியுமா? நேரில் உட்காரவைத்துப் பேசினார்கள், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்த்தார்கள், நடுவில் மாதாமாதம் போன் போட்டு எப்படிப் போகிறது என்று விசாரித்தார்கள். நடந்தது அவர்கள் கால்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்க ஒரு ஆள் இருந்தது, கூடவே நின்றது. அறிவுரையை மட்டும் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 55தான் சாட்சி.

கண்ணுக்குத் தெரியாததை எந்த ஒழுக்கத்தால் தவிர்ப்பீர்கள்? ரத்தக்குழாயைக் கெடுக்கும் டிரான்ஸ் கொழுப்பு பேக்கரி பப்ஸில் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று விதி வந்தது. பப்ஸ் சாப்பிடுகிறவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது, ஆனால் அது அவர் ரத்தக்குழாயைக் காக்கும் விதி.

அடுத்து மனசு. கவலையை விடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அப்பா இறந்து ஆறு மாதம் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். சோறு இறங்கவில்லை. வந்த சொந்தமெல்லாம் மனசைத் தேற்றிக்கோ, கோயிலுக்குப் போ என்றது. அம்மாவும் போனார், தேற்றிக்கொள்ளத்தான் பார்த்தார், முடியவில்லை. கண்டுபிடித்தது யார் தெரியுமா? மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதே, அந்தத் திட்டத்தில் எங்கள் தெருவுக்குப் பிரஷர் பார்க்க வரும் பெண். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர் திரும்பி நின்று, "ஏம்மா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, ராத்திரி தூங்குறீங்களா?" என்றார். அம்மா அங்கேயே அழுதுவிட்டார். அந்தப் பெண்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார், அங்கிருந்து மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மாத்திரையும் பேச்சுமாகச் சில மாதம். இப்போது அம்மா சண்டை போட்டுக் குழம்பு வைக்கிறார். கூப்பிட்டால் பேச 14416 என்று ஒரு இலவச எண் இருக்கிறது, டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், இங்கே யாருக்காவது தேவைப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். போட்டிக்காகச் சொல்லவில்லை.

அக்கா அந்தக் கடையை விட்டுவிட்டார். இப்போது ஒரு சின்ன கடை, உட்கார ஸ்டூல் இருக்கிறது, கழிப்பறை அதே தளத்தில், ஆறரைக்கு விடுகிறார்கள். மத்தியானத்துக்குள் ஒரு லிட்டர் பாட்டில் காலியாகிறது. சாயங்காலம் இரண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்து வருகிறார், இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வீக்கம் குறைந்திருக்கிறது. நரம்பு மட்டும் அப்படியேதான்.

நடுவர் அவர்களே, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் நோய் நீங்களே தேடிக்கொண்டது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எதிரணியில் யாராவது முன்வந்தால், எங்களுக்கு எதிராகவே தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.