ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

அவைத் தலைவர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் வணிகர் சங்கப் பெரியோர்களே, தூறலையும் பாராமல் வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். வந்தவுடன் டபராவில் சூடாகக் காபி கொடுத்து உபசரித்த வரவேற்புக் குழுவினருக்குத் தனியாக ஒரு நன்றி.

காபியில் என்ன இருக்கிறது, கொட்டை எத்தனை விதம், குடிக்கும் வகைகள் என்னென்ன என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். நான் கொட்டையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு, பொடியில் கலக்கும் சிக்கரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

காபிப் பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும். சிலதில் ஒன்றே உருண்டு திரண்டிருக்கும், அதுதான் பீபெரி. நம் சேர்வராயன் மலையிலும் தாண்டிக்குடியிலும் விளையும் அராபிகா என்ற வகை மணத்துக்குப் பேர்போனது. ரொபஸ்டா என்ற இன்னொரு வகையில் கசப்பு தூக்கல், தூக்கத்தை விரட்டும் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரி, சிக்கரி? அது காபியே இல்லை. ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. நிறமும் கெட்டியும் தரும், காஃபீன் கிடையாது. சேர்ப்பது தப்பில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார் என் பாட்டி. அளவைச் சொல்லாமல் சேர்ப்பதுதான் தப்பு.

தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு கடையில் அரைக் கிலோ வாங்கினேன். "நல்ல பொடியா குடுங்க" என்றேன். டிகாஷன் மை மாதிரி இறங்கியது. எல்லோரும் பேஷ் என்றார்கள். அம்மா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "காபி எங்கடா?" என்றார். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் அந்தப் பொடியைத் தூவினோம். கொஞ்சம் மிதந்தது. மீதி, பழுப்பு நூல் நூலாகச் சாயத்தை விட்டுக்கொண்டே அடியில் போய் உட்கார்ந்தது. மிதப்பது காபி, மூழ்குவது சிக்கரி. அந்த டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு கடைக்கே நடந்தேன். கடைக்காரர் பதறவில்லை. "அண்ணே, நல்ல பொடின்னுதானே கேட்டீங்க? எவ்வளவு சிக்கரின்னு கேக்கலையே. பாதிக்குப் பாதி" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை எனக்கு. நான் கேட்கவில்லைதானே!

ஆனால் சட்டம் கேட்கிறது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். உதிரியாக நிறுத்துக் கொடுக்கும்போதுதான் அது கண்ணில் படுவதில்லை. வேருக்குக் காபி விலை கொடுக்கிறோம். மலையில் பழம் பழமாகக் கையால் பறிக்கிறவருக்கு அதில் ஒரு காசு போவதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! பேரூராட்சித் தலைவர் அம்மாவையும் வணிகர் சங்கத்தாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன்: நம் ஊரில் ஒவ்வொரு பொடிக் கடையிலும் தராசுக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கட்டும். இன்றைய கலவை 80க்கு 20, 60க்கு 40 என்று சாக்பீஸில் எழுதட்டும்.

மேடைக்குக் கீழே இரண்டு டம்ளர் தண்ணீரும் இரண்டு பொட்டலமும் வைத்திருக்கிறேன். போகும்போது ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள்.