வேகம் மட்டும் போதாது: பாப் ஹேஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

உலகிலேயே வேகமாக ஓடுபவரை அழைத்து வந்து பந்தைப் பிடிக்கச் சொன்னால் ஆட்டம் கைக்கு வந்துவிடும் என்று நம்பி ஏமாந்த, பந்தைக் கையால் எறிந்து பிடித்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணிகள் உண்டு. 1968 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்ற ஜிம் ஹைன்ஸை மயாமி அணி சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் பிடித்த பந்துகள் இரண்டே இரண்டு. அவருக்கு முந்தைய ஒலிம்பிக்கில் அதே தங்கத்தை வென்ற பாப் ஹேஸ், டல்லாஸ் கௌபாய்ஸ் அணியில் 10 பருவங்கள் ஆடினார். பிடித்த பந்துகள் 365. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஹேஸ் பிறந்தது 1942-இல், ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில்லில். பள்ளியில் அவர் கால்பந்து அணியின் மாற்று ஹாஃப்பேக், அதாவது பந்தைச் சுமந்துகொண்டு ஓடுபவர். ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டதும் கால்பந்து உதவித்தொகையில்தான். மோதல் வாங்குவதும், இடுக்கில் புகுந்து திரும்புவதும், இடிபட்டாலும் பந்தை விடாமல் இருப்பதும் இளமையிலேயே உடம்பில் ஊறியவை. தடகளம் கூடவே வளர்ந்தது. 1963-இல் 100 யார்டை 9.1 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார்.

டோக்கியோவில் 1964 அக்டோபரில் இறுதிப் போட்டிக்கு அவருக்குக் கிடைத்தது முதல் தடம். நடைப்பந்தய வீரர்கள் மிதித்துக் குலைத்த சாம்பல் தரை. போதாக்குறைக்கு, ஒரு காலில் இரவல் ஸ்பைக் ஷூ. அப்படியும் 10.0 விநாடியில் உலக சாதனையைச் சமன் செய்து தங்கம். 4x100 தொடர் ஓட்டத்தில் கைமாற்றி ஓடும் கோல் அவர் கைக்கு வந்தபோது அமெரிக்கா ஐந்தாம் இடத்தில் இருந்தது. எல்லாரையும் தாண்டி முதலாவதாக வந்தார்.

இனி அந்த வேகத்தைக் கால்பந்துக்கு மாற்றும் வேலை. 100 மீட்டர் ஓடுபவர் மெல்ல நிமிர்ந்து, எட்டை நீட்டிப் போட்டு, முடிவுக் கோட்டை மட்டும் பார்த்து ஓடுவார். பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவரோ 12 யார்டு ஓடி, இரண்டு மூன்று எட்டுக்குள் நின்று திரும்ப வேண்டும். எட்டு நீளமாக விழுந்தால் நிற்க முடியாது. இடுப்பைத் தாழ்த்தி, அடியைச் சுருக்க வேண்டும். தோளுக்கு மேலாக வரும் நீண்ட பந்துக்குச் சுண்டு விரல்கள் இரண்டும் ஒட்டியிருக்க, உள்ளங்கை வானம் பார்க்க வேண்டும். கையை எப்போது நீட்டுகிறோம் என்பதும் முக்கியம்: முன்கூட்டியே நீட்டினால் கைவீச்சு நின்று வேகம் விழும். கடைசிக் கணத்தில் கண் பந்தை விட்டு எதிராளியிடம் போனால் பந்து கையில் பட்டுத் தெறிக்கும். ஓட்டக்காரர்கள் பலர் தோற்பது இங்கேதான்.

முதல் ஆண்டான 1965-இலேயே ஹேஸ் 46 பந்துகள் பிடித்து 1,003 யார்டு முன்னேறி, 12 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவது) எடுத்தார். ஒரு ஆளுக்கு ஒரு ஆள் என்று காவல் நின்ற அணிகள் திணறின. கூட ஓடி அவரைப் பிடிக்க ஆளே இல்லை. வழியில் ரிசீவரை இடித்துத் தடுக்க அன்றைய விதிகள் தாராளமாக இடம் கொடுத்தும் இதுதான் நிலை. ஆளைக் காப்பதை விட்டு இடத்தைக் காக்கும் ஸோன் முறைக்கு அணிகள் வேகமாக நகர்ந்ததில் ஹேஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓரக் காவலரான கார்னர்பேக் ஆரம்பத்திலேயே இடித்துத் தாமதப்படுத்துவார். கடைசிக் காவலரான சேஃப்டி பின்னால் ஆழத்தில் காத்திருப்பார். அதன்பின் ஹேஸ் பந்தைப் பிடிக்காத ஆட்டங்களிலும் இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்தப் பயன் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது.

குறைகளும் இருந்தன. 1967 ஜனவரி 1 அன்று கிரீன் பே அணிக்கு எதிரான லீக் இறுதியாட்டத்தில், எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு 2 யார்டு முன்னால், தடுப்பதில் வல்ல வேறொருவர் நிற்க வேண்டிய இடத்தில் ஹேஸ் தவறுதலாக நின்றுவிட்டார். எதிரணியின் டேவ் ராபின்சனை அவரால் தடுக்க முடியவில்லை. பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டான் மெரிடித் அவசரத்தில் எறிந்த பந்து எதிரணி கைக்குப் போனது. டல்லாஸ் 34-27 என்று தோற்றது. அதே ஆண்டு டிசம்பர் 31, மீண்டும் கிரீன் பே, உறைநிலைக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ். பந்து தனக்கு வராத தருணங்களில் ஹேஸ் கைகளைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டார். கை உள்ளே இருந்தால் பந்து இந்தப் பக்கம் வராது என்று எதிரணி படித்துக்கொண்டது. அன்று அவருக்குக் கிடைத்தது 16 யார்டுதான்.

1972 ஜனவரியில் மயாமியை 24-3 என்று வென்று டல்லாஸ் சூப்பர் பௌல் என்னும் ஒட்டுமொத்த சாம்பியன் பட்டம் பெற்றது. ஒலிம்பிக் தங்கமும் சூப்பர் பௌல் மோதிரமும் சேர்த்துப் பெற்றவர் இன்றுவரை ஹேஸ் ஒருவரே. ஆட்ட வாழ்க்கை முழுவதும் ஒரு பிடிக்குச் சராசரி 20 யார்டு. நல்ல ரிசீவர்களுக்கே 14, 15 என்றால் பெரிது.

ஓய்வுக்குப் பின் மதுவும் போதைப்பொருள் வழக்கும் அவரைச் சிறை வரை கொண்டுபோயின. 2002-இல் காலமானார். ஆட்டத்தின் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2009-இல்தான். களத்தில் ஆடியதை மட்டுமே பார்க்க வேண்டிய தேர்வு அது. எதிரணிகளின் காவல் முறையையே மாற்ற வைத்த ஒருவரை, அதுவும் உயிரோடு இருந்தபோது சேர்க்காமல் விட்டது நியாயமே இல்லை.