டம்ளர் போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, எனக்கு முன்னால் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, வணக்கம்.

மூன்று, நான்கு வயது மழலைக்கு வீட்டில் அதிகம் கற்றுத்தருவது கடையில் வாங்கும் கல்விப் பொம்மையா, வீட்டில் புழங்கும் பொருளா என்பது தலைப்பு. நாங்கள் புழங்கு பொருளின் பக்கம். எதிரணித் தலைவர் மூன்று அம்புகளை விட்டார். பொம்மைகளை வல்லுநர்கள் வடிவமைக்கிறார்களாம். வீட்டுப் பொருள் ஆபத்தாம். வீடே அலங்கோலமாகிவிடுமாம், யார் துடைப்பது என்று கேட்டார். அந்தக் கடைசி அம்பைக் கடைசியில் பிடுங்குகிறேன்.

வல்லுநர் என்றவுடன் இத்தாலியக் குழந்தைக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரை அழைத்து வந்தார். வரட்டும். 1907-இல் ரோம் நகரில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் கற்றுத்தருவதற்கென்றே செய்த மர உருளைகள் மட்டுமா இருந்தன? கை கழுவுவது, பெருக்குவது, பொத்தான் போடுவது, உணவு பரிமாறுவது எல்லாமே அங்கே பாடம்தான். எதிரணித் தலைவர் பாதிப் பக்கம் படித்துவிட்டு மேடையேறிவிட்டார்.

தண்ணீர் ஊற்றுவதை எடுத்துக்கொள்வோம். கைப்பிடி உள்ள ஒரு சின்ன ஜக்கு, கண்ணாடி போல் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் டம்ளர், அடியில் ஒரு தட்டு. ஜக்கில் டம்ளர் கொள்ளும் அளவைவிடக் குறைவாகவே தண்ணீர் இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் கோட்டை விடுகிறோம்: ஜக்கை நிறைத்துக் கொடுத்தால் பிள்ளைக்குக் கனம் தாங்காது, நிறுத்தவும் தெரியாது, வழிந்துவிடும், நாம் கத்துவோம். பாடம் அங்கேயே முடிந்தது. டம்ளரின் நடுவில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றுங்கள். "இந்தக் கோடு வரை ஊற்று" என்று மட்டும் சொல்லுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு நிறம் கலந்தால் மட்டம் பளிச்சென்று தெரியும். கோட்டைத் தாண்டினால் தாண்டியது என்று தண்ணீரே சொல்லும். நாம் திருத்த வேண்டியதில்லை. பழகப் பழகக் கை நிதானப்படும். அப்போது ரப்பர் பேண்டைக் கீழே இறக்குங்கள், மேலே ஏற்றுங்கள்.

அடுத்து, ஒரே அளவான இரண்டு டம்ளரில் சமமாக ஊற்றுங்கள். ஒன்றை ஒல்லியான உயர்ந்த பாத்திரத்துக்கு மாற்றுங்கள். எதில் அதிகம்? நான்கு வயதுப் பிள்ளை பெரும்பாலும் உயரமானதைத்தான் காட்டும். இதை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே, ஏறத்தாழ ஏழு வயதுவரை பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள் என்றார். ஆகவே "இல்லடா, ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவசரப்படாதீர்கள். பழைய டம்ளருக்கே திருப்பி ஊற்றச் சொல்லுங்கள். புருவம் மேலே போகும் பாருங்கள், அது போதும்.

இன்னொன்று. ஒரு வாளியில் தண்ணீர், கூடவே ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதே எவர்சில்வரில் ஒரு கரண்டி. போடுவதற்கு முன் கேளுங்கள்: மிதக்குமா, மூழ்குமா? முன்கூட்டிச் சொல்ல வைக்காவிட்டால் இது வெறும் தண்ணீர் விளையாட்டு. கரண்டி மூழ்கும். கிண்ணத்தை நிமிர்த்தி வைத்தால் மிதக்கும். அதே கிண்ணத்தைச் சரித்தால் தண்ணீர் புகுந்து உள்ளிருந்த காற்று வெளியேறி, அடியில் போய் உட்காரும். கனமானதுதான் மூழ்கும் என்று நினைத்த பிள்ளைக்கு, பொருள் மாறாமல் விடை மட்டும் மாறுகிறது. எதிரணியின் படப் புதிரில் பதினோராவது முறையும் அதே யானைதான் வரும்!

பிள்ளைகள் உருட்டி விளையாடும் மாவை வீட்டிலேயே பிசைய அளவு கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். இரண்டு கப் மைதா மாவு, ஒரு கப் தூள் உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், முக்கால் கப்பிலிருந்து ஒரு கப் தண்ணீர். நிறத்தைத் தண்ணீரிலேயே கரைத்துவிடுங்கள். பிசைந்த மாவில் சொட்டினால் கைதான் சிவக்கும், மாவு திட்டுத் திட்டாக நிற்கும். தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் ஒட்டும். ஒட்டினால் ஒவ்வொரு கரண்டி மாவாகச் சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். மூடி வைத்தாலும் சில நாளில் நசநசவென்று ஆகும், ஏனென்றால் உப்பு ஈரத்தை இழுக்கும்; மீண்டும் கொஞ்சம் மாவு தூவிப் பிசையலாம். வாயில் போடக்கூடாது. உப்பும் அதிகம், மாவும் வேகாதது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டக்கூடாது, அவ்வளவு உப்பு அதற்கு நஞ்சு.

எண் கற்க என்ன பொம்மை? தட்டு வைக்கும் வேளை போதும். நான்கு பேர், நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு கரண்டி. ஒன்று குறைந்தால் பிள்ளையே ஓடிப்போய் எடுத்து வரும். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணி முடித்த பிள்ளையிடம் "ஆக எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். நூறுவரை ஒப்பிக்கும் பிள்ளைக்கும் இது பிடிபடாமல் இருக்கலாம். ஒப்பிப்பதைக் கேட்டுக் கைதட்டும் பொம்மைக்கு இது தெரியாது. காலுறை ஜோடி சேர்ப்பது, துணியை நிறம்பிரிப்பது எல்லாம் இதே வகைதான். கத்தரிக்கோலுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இரண்டு சென்டிமீட்டர் அகல நாடாவாக, கொஞ்சம் தடித்த தாள் கொடுங்கள். ஒரே வெட்டில் துண்டு விழும். மெல்லிய தாள் மடங்கிக்கொள்ளும், பிள்ளை கத்தரியைத் தூக்கி எறியும்.

பேசும் பொம்மையைப் பெருமையாகச் சொன்னார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழந்தை மருத்துவ இதழில் 2016-இல் வந்த ஓர் ஆய்வில், 10 முதல் 16 மாதக் குழந்தைகள் ஒலியும் ஒளியும் காட்டும் பொம்மையோடு விளையாடியபோது, புத்தகமோ சாதாரண பொம்மையோ இருந்தபோது பேசியதைவிடப் பெற்றோர் குறைவாகவே பேசினார்கள். நம் மழலைகளைவிடச் சிறிய குழந்தைகள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பொம்மை பேசும்போது அம்மா எதற்குக் குறுக்கே பேசப்போகிறாள்?

ஆபத்து என்றார்கள். இதில் எதிரணி பாதி சரி. கழிவறைத் தாள்சுருளின் காலிக் குழாய்க்குள் நுழையும் அளவுள்ள எந்தப் பொருளையும், வாயில் போடும் பருவத்துப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். தண்ணீர் விளையாட்டில் சில சென்டிமீட்டர் ஆழம்கூட உயிரைப் பறிக்கும். கையெட்டும் தூரத்தில் நாம் இருக்க வேண்டும், முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிட வேண்டும். ஆனால் சின்ன நாணயம் போலிருக்கும் பித்தான் பேட்டரி எங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே? என் டம்ளரிலா, அவர்கள் பொம்மையிலா? விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரிக்கக்கூடியது அது. வீட்டில் அப்படிப் பொம்மை இருந்தால், அதன் பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.

மணி அடித்துவிட்டீர்கள். அந்தக் கடைசி அம்பு பாக்கி. யார் துடைப்பது? பிள்ளைதான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்பாஞ்சுப் பஞ்சு, இரண்டு கிண்ணம். ஒரு கிண்ணத்தில் பஞ்சை நனைத்து மறு கிண்ணத்தில் பிழியச் சொன்னால் அதுவே தனி விளையாட்டு, பென்சில் பிடிக்கும் கைக்கு வலுவும் அதில் வரும். கொட்டிய தண்ணீர் தானாகக் காணாமல் போகும். பஞ்சு ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். அதை எதிரணித் தலைவரிடம் கொடுத்துவிட்டு அமர்கிறேன், வணக்கம்.