டாமர் ஆற்றுக்கு மேற்கே

அவையோருக்கு வணக்கம்.

கார்ன்வால் நிலத்தின் பழைய மொழியான கார்னிஷ் என்றதும், அதைக் கடைசியாகப் பேசியவர் எனப்படும் டாலி பென்ட்ரீத் அம்மையாரைத்தான் பலரும் நினைக்கிறார்கள். மவுசல் என்ற மீனவர் ஊரில் 1777-ல் அவர் கண்ணை மூடியபோது மொழியும் போயிற்று என்பது வழக்கமான கதை. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருக்குப் பின்னும் அந்த மொழி அறிந்த சிலர் இருந்தார்கள். தவிர, அந்த இழப்பு நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது; அதன் தடம் நிலத்திலேயே பதிந்து கிடக்கிறது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் கார்ன்வால். கிழக்கே டாமர் ஆறு. மற்ற பக்கமெல்லாம் கடல். அங்கே பள்ளத்தாக்கைக் குறிக்கும் பழஞ்சொல் கிழக்கத்திய ஊர்ப்பெயர்களில் 'நன்ட்' என்றும், மேற்கே 'நன்ஸ்' என்றும் நிற்கிறது. இடைக்காலத்தில் கார்னிஷின் ஒலி மாறியது. அந்த மாற்றம் கிழக்கைத் தொடுவதற்குள் அங்கே ஆங்கிலம் குடியேறிவிட்டது. ஊர்ப்பெயரே சாட்சி!

ஆனாலும் மேற்கில் மொழி செழிப்பாகவே இருந்தது. பென்ரினில் 1265-ல் எழுந்த கிளாஸ்னி திருச்சபைக் கல்லூரியைச் சுற்றி, மக்கள் திறந்தவெளியில் கூடிப் பார்த்த கார்னிஷ் மொழிச் சமய நாடகங்கள் பிறந்தன. 1540-களில் அரசு அந்தக் கல்லூரியை மூடியது. 1549-ல் வழிபாடு ஆங்கிலத்தில்தான் என்று ஆணை வந்தது. "எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். எக்ஸிடர் நகரை முற்றுகையிட்டார்கள், தோற்றார்கள். ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள்.

என் மனம் ஆறாத இடம் இதுதான். அதே ஆங்கில அரசு 1563-ல் வேல்ஸ் மொழியில் விவிலியம் வேண்டும் என்று சட்டம் செய்தது. 1588-ல் முழு விவிலியமும் அச்சாகி வந்தது. ஞாயிறுதோறும் கோயிலில் வேல்ஸ் மொழி ஒலித்தது. கார்னிஷுக்கு அப்படி ஒரு நூலை யாரும் தரவில்லை. கடலுக்கு அப்பால், பிரான்சின் பிரித்தானியில், உறவு மொழி பேசி அதே மறையைப் பேணிய பிரெட்டன் மக்களோடு இருந்த போக்குவரத்தும் சமய மாற்றத்தால் தேய்ந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1602-ல் கார்ன்வாலைப் பற்றி நூல் எழுதிய ரிச்சர்ட் கேரூ, மொழி கார்ன்வாலின் கடைக்கோடிக்கு ஒதுங்கிவிட்டது என்று எழுதினார். 1700-ல் வேல்ஸ் மொழியறிஞர் எட்வர்ட் லூயிட் நேரில் போனபோது, மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டுக்கும் தெற்கு முனையான லிசர்டுக்கும் இடைப்பட்ட கடலோரப் பங்கு ஊர்களில்தான் அதைக் கேட்க முடிந்தது.

1904-ல் மொழி ஆர்வலர் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் மொழிக் கையேடு எழுதி மீட்பைத் தொடங்கினார். 2002-ல் ஐரோப்பியச் சிறுபான்மை மொழிகள் சாசனத்தின் கீழ் பிரிட்டன் கார்னிஷை ஏற்றது. 2010-ல் யுனெஸ்கோ 'அழிந்த மொழி' என்ற முத்திரையை நீக்கியது. இன்று கார்ன்வாலின் தெருப்பலகைகளில் கார்னிஷும் எழுதப்படுகிறது. டாமர் கரை வரை, மொழி முதலில் மறைந்த அந்தக் கிழக்கிலும்.