டிக்கெட் எடுத்தவரிடமும் காசு, கோயிலிடமும் காசு

நண்பர்களே, வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பேசப்போவது இணையச் சமநிலை பற்றி: எல்லாத் தளத்தையும் டெலிகாம் நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதைப் பற்றி.

2015-ஐ நினைத்துப் பாருங்கள். ரீசார்ஜ் கடையில் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நோட்டு கிடக்கும். அதில் நம்பரை எழுதிக் கொடுத்து ஒரு ஜிபி போட்டால் 250 ரூபாய் பக்கம் ஆகிவிடும். யாராவது வீடியோ அனுப்பினால் எரிச்சல்தான் வரும். அந்த நேரத்தில்தான் 'இலவசம்' வந்தது. ஏர்டெல் ஜீரோ என்ற திட்டத்தில் செயலி நடத்தும் நிறுவனமே டேட்டா காசைக் கட்டிவிடும். ஃபேஸ்புக்கின் இன்டர்நெட்.ஆர்க், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாகத் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சில தளங்களை மட்டும் சும்மா திறந்துவிட்டது.

சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் பணம் கட்ட முடிந்த பெரிய கடையைப் பார்க்கக் காசில்லை, திருப்பூரில் நேற்று ஆரம்பித்த பனியன் கடையின் தளத்தைப் பார்த்தால் டேட்டா கரையும். வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இதை எதிர்த்து, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. ஏர்டெல் ஜீரோவில் சேர்வதாக இருந்த ஃப்ளிப்கார்ட் பின்வாங்கியது. தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வைக்கக் கூடாது, மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம் என்று 2016 பிப்ரவரி 8-ல் டிராய் உத்தரவு போட்டது.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. இப்போது அதே விஷயம் 'நியாயமான பங்கு' என்ற பெயரில் வருகிறது. யூடியூபும் நெட்ஃப்ளிக்ஸும் எங்கள் கம்பியை அடைக்கின்றன, அவர்களும் காசு தரட்டும் என்கின்றன டெலிகாம் நிறுவனங்கள். அவர்கள் செலவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2015 மார்ச் அலைக்கற்றை ஏலம் ஒன்றிலேயே சுமார் 1.1 லட்சம் கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். ஆனால் யூடியூப் தானாக நம் போனுக்குள் வந்து குதிக்கவில்லையே. பார்க்கிற நாம் கேட்டோம், வந்தது. கேட்பதற்கான காசை ரீசார்ஜிலேயே கட்டிவிட்டோம். திருச்செந்தூர் பஸ்ஸில் எல்லோரும் டிக்கெட் எடுத்த பிறகு, கூட்டம் உங்களால்தானே என்று கோயில் உண்டியலிலும் கண்டக்டர் கை நீட்டலாமா?

தென்கொரியாவில் கை நீட்டினார்கள். நெட்ஃப்ளிக்ஸுக்கும் அந்த ஊர் இணைய நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டுக்கும் வருஷக்கணக்கில் வழக்கு நடந்து, 2023 செப்டம்பரில் சமரசமானது. பெரிய கை, சமாளித்தது. விளையாட்டுகளை நேரலையில் காட்டும் ட்விட்ச் என்ன செய்தது? நெட்வொர்க் கட்டணம் மற்ற நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி, முதலில் படத்தின் தரத்தை 720பி-க்கு இறக்கியது. அப்புறம் 2024 பிப்ரவரி 27-ல் கொரியக் கடையையே மூடிவிட்டது. அமேசானுக்குச் சொந்தமான கம்பெனிக்கே இந்த கதி. நம் பனியன் கடைக்காரர் எத்தனை நாள் தாங்குவார்?

சரி, பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கியபடி இருக்கிறார். கேளுங்கள் ஐயா.